அம்மாவின் பீரோவில் இருந்தது ஊர்ப் பணம்

என் அம்மா 2024 மார்ச் மாதம் இறந்தார். வயது 66. புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘டீச்சரம்மா’தான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் வேலை பார்த்ததில்லை. பத்தாவதோடு நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். 1991இல் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் மாவட்டம் முழுக்கத் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தொண்டர்களாக வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். மூன்று பிள்ளைகளைப் பெற்று ஒன்றைப் பறிகொடுத்திருந்த அம்மா, அப்பத்தாவின் முணுமுணுப்பையும் மீறிப் பெயர் கொடுத்தார். பகலெல்லாம் கல்குவாரியில் ஜல்லி உடைத்துவிட்டு வரும் பெண்களுக்கு ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் ஒரு பைசா கிடையாது. ‘டீச்சரம்மா’ என்ற பெயர் அங்கே ஒட்டிக்கொண்டதுதான்.

அந்தக் காலத்தில்தான் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அம்மாவும் பழகினார், 33 வயதில், அப்பாவின் சைக்கிளில். லேடீஸ் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னபோது வேண்டாம் என்றாராம். குறுக்குக் கம்பி இருந்தால்தான் முன்னால் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் குடத்தைக் கட்டலாம். அந்தக் கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துக் குடுமியான்மலை வரை ஓட்டிக்கொண்டு போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வந்தன. 1989இல் தருமபுரியில் தொடங்கியது, 1997க்குப் பிறகு மகளிர் திட்டமாகி எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. எங்கள் ஊரில் முதல் குழுவுக்கு அம்மாதான் ஊக்குநர், அதாவது குழுவை முன்னின்று நடத்துகிறவர். கடைசி நாள் வரைக்கும் அவர்தான். இதற்கு மேல் ரத்ததானம், கண்தானம், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பது, சாவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்பது. இப்படி முப்பது வருடங்களுக்கு மேல் ஓடியது.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. ஒருவர் இறந்த பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் குடும்பச் சொத்து, நகை, வங்கிக் கணக்கு, காப்பீடு என்பதோடு நின்றுவிடுகின்றன. ஊருக்காக வாழ்ந்த ஒருவர் போய்விட்டால் அவர் வீட்டு பீரோவில் இருப்பது அவருடைய பணம் மட்டும் இல்லை, அவர் கைப்பேசியில் இருப்பது அவருடைய விஷயம் மட்டும் இல்லை. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பா 2009லேயே போய்விட்டார். அண்ணன் சிங்கப்பூரில் வேலை, பத்து நாள் விடுப்பில் வந்துவிட்டுப் போனான். நான் கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் இருக்கிறேன். மீதியை நான் ஒருத்தியாகத்தான் பார்த்தேன். சம்பளமில்லா விடுப்பு, போக்குவரத்து, தரகர்கள், நோட்டரி, இன்னும் கீழே சொல்லப்போகிற செலவுகள் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. காசு போனதைவிட, அழுவதற்கு நேரமில்லாமல் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

அம்மா விடியற்காலையில் வீட்டிலேயே தூக்கத்தில் போனார். சர்க்கரையும் இருதயக் கோளாறும் இருந்தன. பக்கத்து வீட்டுச் சித்தி போனில் சொன்னபோது நான் திருச்சிக்கு வந்துகொண்டிருந்தேன், அந்த வாரம் தற்செயலாகத்தான் கிளம்பியிருந்தேன். அம்மா கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்தவர், ஊரில் பலரையும் எழுத வைத்தவர். ஆனால் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் தானாக எதுவும் நடந்துவிடாது. வீட்டார் யாராவது கண் வங்கிக்குப் போன் செய்து சம்மதம் சொன்னால்தான் வருவார்கள். ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். பேருந்தில் உட்கார்ந்தபடியே போனில் சித்தியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இமையை மூடி ஈரப்பஞ்சை வையுங்கள், மேலே ஓடுகிற மின்விசிறியை நிறுத்துங்கள், தலைக்குக் கீழே தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள். இதெல்லாம் அம்மா அடுத்தவர் வீட்டில் செய்ததைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழக்கம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னதற்கே ஒரு மாமா கோபப்பட்டார், மார்ச் மாதப் புழுக்கத்தில் உடம்பை இப்படிப் போடுவதா என்று. இன்னொருவர், சர்க்கரை இருந்த கண்ணு யாருக்கு ஆகும் என்றார். சர்க்கரை இருந்தாலும், கண்ணாடி போட்டிருந்தாலும், புரை அறுவை செய்திருந்தாலும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எச்ஐவி, மஞ்சள்காமாலைக் கிருமி, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் இறந்தவர்களிடம்தான் எடுக்க மாட்டார்கள். திருச்சியிலிருந்து வந்த குழு அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்தது. கொஞ்சம் ரத்தமும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. கோபப்பட்ட அதே மாமா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து என் தலையைத் தடவினார்.

உங்கள் வீட்டில் கண்தானம் செய்ய விரும்புகிறவர் இருந்தால், அட்டையைப் பத்திரப்படுத்துவதைவிட, அவர் இறக்கும்போது வீட்டில் இருக்கக்கூடிய ஒருவரிடம் கண் வங்கியின் எண்ணைக் கொடுத்து வையுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருப்போம், பக்கத்து வீட்டுக்காரர்தான் இருப்பார். ஐஸ் பெட்டிக்காரரும் பந்தல்காரரும் அவர்களாகவே வந்துவிடுவார்கள். இதற்கு மட்டும்தான் நாம் ஆள் அனுப்ப வேண்டும்.

வீட்டில் இறந்தால் இன்னொரு வேலையும் அன்றைக்கே செய்துவிட வேண்டும். வழக்கமாக வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணம் எழுதிய சான்றை வாங்கி வைத்துக்கொள்வது. எங்களுக்குக் கண் வங்கிக்காக மருத்துவரைக் கூப்பிட்டதால் இது தானாக அமைந்தது. அடக்கம் எல்லாம் முடிந்த பிறகு போய்க் கேட்டால் நான் பார்க்கவே இல்லையே என்று தயங்குவார்கள், அது அவர்கள் பக்கத்தில் நியாயம்தான். கிராமத்தில் இறப்பைப் பதிவு செய்பவர் கிராம நிர்வாக அலுவலர். 21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதைத் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஒரு வருடத்தைத் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போகும்.

தேதியில் எங்களுக்குச் சிக்கல் வரவில்லை, இனிஷியலில் வந்தது. அம்மாவின் பள்ளிச் சான்றில் தாத்தாவின் இனிஷியல். குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் அப்பாவின் இனிஷியல். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. குழுவின் ஆவணங்களில் பெயருக்குப் பின்னால் ‘அம்மாள்’ வேறு சேர்ந்திருந்தது. துக்கத்துக்கு வந்த ஒரு பெரியப்பா பதிவின்போது வாய்மொழியாகச் சொன்ன பெயர் இறப்புச் சான்றிதழில் ஏறிவிட்டது. அது எந்த ஆவணத்தோடும் ஒத்துப்போகவில்லை. திருத்துவதற்கு உறுதிமொழிப் பத்திரம், சாட்சிகள், மறுபடி விசாரணை. நம் பெண்கள் பலருக்கும் பிறந்த வீட்டு இனிஷியல் ஒன்று, புகுந்த வீட்டு இனிஷியல் ஒன்று என்று இரண்டு வாழ்க்கை இருக்கிறது. செத்த பிறகுதான் இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். பதிவு செய்யப் போகிறவர் கையில் ஆதார் நகலைக் கொடுத்து, இதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். கணினியில் ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுங்கள். சரியாக ஏறிவிட்டால் சான்றிதழை இணையத்திலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ பீரோவைத் திறந்தோம். புடவைகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட சின்னச் சின்னப் பணக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் அம்மாவின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. ‘வளைகாப்புக்கு, ஆவணி’. ‘மகனுக்குத் தெரிய வேண்டாம்’. ‘ஆஸ்பத்திரிக்கு மட்டும், குடிக்குக் கேட்டால் கொடுக்கக் கூடாது’. பெயரும் தொகையும் கீழே இருக்கும். அதோடு யார் யாருடையதோ பாஸ் புத்தகங்கள், ஆதார் நகல்கள், ஒரு வீட்டின் மூலப்பத்திரம், ஒரு ஜோடித் தோடு. பயந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். உறவினர்கள் முன்னால் திறந்ததால் பேச்சு உடனே கிளம்பிவிட்டது. பீரோவில் இருந்ததெல்லாம் வீட்டுச் சொத்துதானே, காரியச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று ஒருவர். கொடுத்து வைத்தவர்கள் வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர். அன்றைக்கு அண்ணன் என் பக்கம் நின்றான். அம்மா, தன்னை நம்பிக் கொடுத்தவர்களுக்குத்தான் பதில் சொல்லியிருப்பார், நமக்கு இல்லை என்றான். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

அன்று ராத்திரியே ஒவ்வொரு கட்டையும் சீட்டோடு கைப்பேசியில் படம் பிடித்தோம். ஒரு நோட்டில் பெயர், தொகை, பொருள் எல்லாம் எழுதி, அண்ணன், நான், சித்தி மூவரும் கையெழுத்துப் போட்டோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மகளிர் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்புத் தலைவியை வரவழைத்து, அவர் முன்னிலையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டுக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம். தனித்தனியாக என்பது முக்கியம். அந்தப் பணங்களில் பாதி, வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல் சேர்த்தது. திண்ணையில் வைத்துப் பெயர் படித்திருந்தால் அம்மா காத்த ரகசியத்தை நாங்கள் உடைத்ததாகியிருக்கும்.

சீட்டு இல்லாத கோரிக்கைகளும் வந்தன. டீச்சரம்மாகிட்ட கொடுத்து வச்சிருந்தேன் பாப்பா என்று மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் சொன்ன தொகையும் தேதியும் அம்மாவின் தினசரி நோட்டில் வேறு வடிவத்தில் இருந்தது, கொடுத்துவிட்டோம். மூன்றாமவருக்கு எந்தத் தடயமும் இல்லை. 14,000 ரூபாய் என்றார். குவாரியில் அம்மாவிடம் எழுத்துப் படித்தவர், எழுபது வயதைத் தாண்டியவர். பொய் சொல்கிறார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. உண்மை என்று நிரூபிக்கவும் வழியில்லை. நானும் அண்ணனும் பாதிப் பாதி போட்டுக் கொடுத்தோம். சரியா தப்பா என்று இன்னும் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் வாக்குவாதம் நடக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் எல்லோராலும் அப்படிக் கொடுக்க முடியாது. அடுத்தவர் பணத்தை வைத்திருக்கும் அம்மாவோ அப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால் அது எவ்வளவு என்று விசாரிக்க வேண்டாம், அவர்களும் சொல்ல மாட்டார்கள். எந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் கேட்டு வையுங்கள். அதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள்.

குழுவின் வங்கிக் கணக்கில்தான் மிகப் பெரிய அடி விழுந்தது. எங்கள் ஊர்க் குழுவில் பணம் எடுக்க ஊக்குநர் கையெழுத்து கட்டாயம், கூட இரண்டு பிரதிநிதிகளில் ஒருவர். அம்மா இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் புதுக் கடன் கணக்கில் ஏறியிருந்தது. உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக் காத்திருந்தார்கள். வங்கிக் கிளைக்குப் போனபோது, இறந்தவர் கையெழுத்துக்காரர், ஆகவே வாரிசுச் சான்றிதழ் கொண்டுவாருங்கள், வாரிசுகள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நானும் நம்பிவிட்டேன், வங்கியில் இருப்பவர் சொன்னால் நம்பத்தானே செய்வோம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று கோப்பு நகர வேண்டும். பெயர்க் குழப்பம் தீராமல் அது நகரவில்லை. சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்ற தரகருக்கு 6,000 கொடுத்தேன். அவரால் ஒன்றும் ஆகவில்லை, பணமும் திரும்பவில்லை. இதற்குள் ஜூன் வந்துவிட்டது. குழுவில் ஒரு அக்கா, மகளை நர்சிங் சேர்க்க இந்தக் கடனைத்தான் நம்பியிருந்தார். நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வெளியே வாங்கிக் கட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் வழி சொன்னவர் பக்கத்து ஊர்க் கூட்டமைப்பில் கணக்கு எழுதும் பெண். அதற்கு வாரிசு எதுக்குக்கா, கணக்கு உங்க அம்மாவோடதா, குழுவோடதா என்று கேட்டார். அவ்வளவுதான் விஷயம். சுயஉதவிக் குழுக் கணக்கு குழுவின் பெயரில் இருப்பது. அதில் கையெழுத்துப் போடுவதால் மட்டும் ஒருவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ எந்த உரிமையும் கிடையாது, ஆகவே வாரிசுச் சான்றிதழுக்கும் அங்கே வேலை இல்லை. குழு கூடி, இன்னார் இறந்துவிட்டார், இனி இன்னார் கையெழுத்திடுவார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அதன் நகல், இறப்புச் சான்றிதழ், புதியவரின் படம், ஆதார், மாதிரிக் கையெழுத்து. குழுக்களைக் கவனிக்கிற வட்டார இயக்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வைத்தால் வங்கியில் பேச்சு சுருக்கமாக முடியும். தீர்மானம் போட்ட வாரத்திலேயே கணக்கு திறந்தது. அன்று பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து கோபத்தில் அழுதேன். கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம், விளையாட்டு மன்றம் எதுவானாலும் இதே கதைதான். கையெழுத்துக்காரர் இறந்தால் அமைப்பு தீர்மானம் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான், குடும்பத்தை இழுக்க வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் கணக்கில் பணம் செலுத்துவதற்கும் தடை இல்லை, எடுப்பதற்குத்தான் தடை. ஆகவே பழைய கடன் தவணையை நிறுத்தாமல் கட்டிக்கொண்டே இருங்கள். தவணை தவறினால் வட்டிச் சலுகை போய்விடும்.

அம்மாவின் சொந்தக் கணக்குக்கு நியமனதாரர் (நாமினி) அப்பா. அவர் போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. நியமனதாரர் உயிரோடு இருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாளமும் காட்டிப் பணத்தைப் பெற்றுவிடலாம், மற்ற வாரிசுகளின் பங்குக்கு அவர் பொறுப்பாளி. நியமனதாரரும் இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ், பின்னால் நஷ்டம் வந்தால் ஏற்கிறோம் என்ற ஈட்டுறுதிப் பத்திரம், மற்ற வாரிசுகளின் விட்டுக்கொடுப்புக் கடிதம் எல்லாம் வேண்டும். அண்ணன் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டதால் அங்கே இந்தியத் தூதரகத்தில் நேரம் வாங்கி, சான்றொப்பம் பெற்றுக் கூரியரில் அனுப்பினான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை காரியத்துக்கு வந்திருக்கும்போதே வங்கிப் படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்துவிடுவது எவ்வளவு பெரிய உதவி என்று பின்னால்தான் புரிந்தது. ஆவணங்கள் முழுதாகக் கொடுத்த பிறகு 15 நாளுக்குள் வங்கி தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கொடுத்த தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டால்தான் அதைச் சொல்லிக் கேட்க முடியும். இன்னொன்று, ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் தெரிந்திருந்தாலும் இறந்தவர் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அம்மா இறந்த பிறகும் ஏறியது. தொடாமல் தகவல் சொல்லிவிட்டேன்.

அம்மாவின் சிம் கார்டை மட்டும் நான் விடவில்லை. அந்த எண் ஆதாருக்கும் வங்கிக்கும் மட்டுமா இருந்தது? சுற்றுவட்டாரத்தில் ரத்தம் வேண்டும் என்றால் எல்லோர் கைப்பேசியிலும் இருந்த எண் அது. இறந்த பிறகும் அழைப்புகள் வந்தன. ஒரு தடவை நள்ளிரவு தாண்டி ஒரு ஆள் அழுதுகொண்டே பேசினார், பிரசவ வார்டிலிருந்து, ஓ நெகட்டிவ் வேண்டும் என்று. அம்மா இல்லை என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? எழுந்து போய் அம்மாவின் ரத்த நோட்டை எடுத்தேன். நீள நோட்டு, கோடு போட்டு, பெயர், வகை, ஊர், கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவைதான் கொடுக்கலாம் என்பதால் அந்தத் தேதியை அம்மா சிவப்பு மையில் எழுதுவார். கடைசிக் கட்டத்தில் குறிப்பு. ‘ஊசிக்குப் பயப்படுவான், கூட ஒருத்தர் போகணும்’. ‘ராத்திரி கூப்பிடலாம், மனைவிக்குச் சம்மதம்’. ‘வெறும் வயிற்றில் வருவார், இட்லி வாங்கிக் கொடுக்கவும்’. அந்தக் குறிப்புகளைப் படித்துத்தான் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். நான் கூப்பிட்ட பையன் வண்டியை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனான். தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாக மறுநாள் அந்த ஆள் அம்மாவின் எண்ணுக்கே செய்தி அனுப்பினார்.

பொதுவேலை பார்த்தவரின் எண்ணை உடனே நிறுத்திவிடாதீர்கள். ப்ரீபெய்ட் எண் மூன்று மாதம் பயன்படாமலும் காசில்லாமலும் கிடந்தால் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறு யாருக்காவது போய்விடலாம். குறைந்த ரீசார்ஜாவது போட்டு ஒரு வருடம் வைத்திருங்கள். கைப்பேசியில் இருக்கும் குரல் செய்திகளை வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். அம்மா எனக்கு அனுப்பியவை பெரும்பாலும் சாப்பிட்டியா, மழையா என்பதுதான். குழுப் பெண்களுக்கு அனுப்பியவை வேறு மாதிரி. தவணை கட்டாதவரை அதட்டுவது, வீட்டில் அடி வாங்கியவரிடம் கதவைத் திறந்து வைக்கிறேன், வந்துவிடு என்பது. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக வாங்கினேன்.

அம்மாவின் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேகம் எனக்கு இருந்தது. அறக்கட்டளை தொடங்கலாம் என்று ஒருவர் சொல்ல, பத்திரம் எழுதுவது, பான் எண், வரிவிலக்குப் பதிவு என்று ஒரு ஆலோசகர் 18,000 வாங்கிக்கொண்டார். பாதியில் ஒரு கணக்காளர் உட்கார வைத்து விளக்கினார். வருடா வருடம் கணக்கு, தாக்கல், தணிக்கை எல்லாம் தொடர்ந்து பார்க்க ஆள் வேண்டும், இல்லையென்றால் அபராதம் வரும். நிறுத்திக்கொண்டேன், பணம் போனது போனதுதான். துக்கத்தின் முதல் வருடத்தில் அமைப்பு எதையும் தொடங்க வேண்டாம் என்பது என் எண்ணம். அந்த வேகத்தை எழுதி வைப்பதில் செலுத்துங்கள். பதினாறாம் நாள் பந்தலில் ஆளுக்கு ஆள் அம்மாவைப் பற்றிப் பேசியதைச் சித்தி மகன் கைப்பேசியில் பதிவு செய்தான். அதைத்தான் இப்போது பொக்கிஷமாக வைத்திருக்கிறோம். குவாரிப் பெண் ஒருவர், முதன்முதலாகத் தன் பெயரை எழுதிய சிலேட்டை அம்மா அழிக்கவிடாமல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதைச் சொன்னார். குவாரியைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்ட காலத்தில், கூலிக் கணக்கைத் தானே எழுதிக் கணக்குப்பிள்ளையிடம் சரிபார்த்ததை இன்னொருவர் சொன்னார். அறிவொளிக் காலத்தில் எடுத்த படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு வந்த ஒருவர் வீட்டில் இருந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்கள் வரிசையில் மூன்றாவதாக அம்மா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

நினைவு விழாவுக்கு ஃபிளெக்ஸ் வைப்பதற்குப் பதில் இந்தப் பேச்சுகளைப் பதிவு செய்யுங்கள். பேசுகிறவரின் பெயர், ஊர், எந்த வருடம் என்பதையும் அப்போதே கேட்டு அதே பதிவில் சொல்ல வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யார் சொன்னது என்பதில் குழப்பம் வந்துவிடுகிறது. முடிந்தால் இதை அவர் உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள். என் அம்மாவிடம் உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்றால் என்னடி கதை என்று எழுந்து போய்விடுவார். இந்த நோட்டில் இருப்பவர் யார் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். அவர்களிடம் பேச்சு வாங்க அதுதான் வழி.

ரத்த நோட்டைக் குழுவிலேயே இளவயதுப் பெண்கள் இருவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். கைப்பேசியில் ஏற்றிக்கொண்டார்கள், கடைசிக் கட்டத்துக் குறிப்புகளையும் விடாமல். அம்மாவின் எண்ணையும் முறைப்படி அவர்களில் ஒருவர் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்கிறோம். வீட்டுப் பட்டா மட்டும் இன்னும் முடியவில்லை. அது அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா இறந்தபோது அப்பத்தா உயிரோடு இருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயும் முதல் நிலை வாரிசு. இப்போது அப்பத்தாவும் இல்லை, அவர் பங்கு சித்தப்பாக்களுக்கும் அத்தைகளுக்கும், அப்பாவின் இடத்தில் எங்களுக்கும் போகிறது. எல்லோரும் கையெழுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய அத்தை பாம்பேயிலிருந்து ஆடிக்கு வருகிறார், அப்போது பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.